ஒன்பது புள்ளி

கோன் கேன் பேருந்து நிலையம், நான்காம் கவுண்ட்டர்.
ரோய் எட், உடோன், நோங் காய் என்று
நாளெல்லாம் கூவி டிக்கெட் கிழிக்கும் எனக்கு
முப்பதாயிரம் ஆங்கிலச் சொற்கள் தெரியும்.
அர்த்தம் தெரிந்தவை
முந்நூறு இருந்தால் அதிகம்.

சிரிக்க வேண்டாம்.
எங்கள் ஸ்க்ராபிள் கூட்டத்தில் பாதிப் பேர் இப்படித்தான்.
ஞாயிறு மதியம், மாலின் மூன்றாம் மாடியில்,
பப்பாளி சாலட் இடிக்கிற சத்தத்துக்கு நடுவே
பலகையை விரிப்போம்.

ஒரு பேருந்து போய் அடுத்தது வருவதற்குள்
துண்டுச்சீட்டின் முதுகில் எழுதி எழுதி மனப்பாடம்:
யூவின் துணையில்லாமல் வெளியே கிளம்பும் க்யூ,
இஸட்டும் எக்ஸும் நடுவில் ஓர் ஏயோடு
ஒண்டுக்குடித்தனம் நடத்தும் மூன்றெழுத்து,
ஸி, டபிள்யூ, எம் என்று
உயிரே இல்லாமல் வெறும் மெய்யாய்க் கிடப்பது,
ஈ, யூ, ஓ, ஐ என்று
மெய்யே இல்லாமல் உயிராய் மட்டும் அலைவது.

அகராதியில் சொல் இடப்பக்கம், பொருள் வலப்பக்கம்.
வலப்பக்கத்தை அட்டையால் மறைத்துக்கொள்வேன்,
எதிர்வெயிலுக்குத் திரை இழுக்கிற மாதிரி.
"அர்த்தத்துக்கு யார் புள்ளி தருகிறார்கள்?" என்பான் சுராசித்,
ஐஸ் கம்பெனி லாரி ஓட்டுகிறவன்,
என்னைப் பதினாறு முறை தோற்கடித்தவன்.

ஜூனில், இடது மார்பில் ஒரு கட்டி.
ஓர் எழுத்துக் கட்டை அளவு.
பார்க்காமலே பைக்குள் தடவித் தடவிப் பழகிய விரல்;
குளிக்கும்போது அதுதான் கண்டுபிடித்தது.

ஊசி விட்டு எடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து உறை வந்தது.
டாக்டர் நாலு மணிக்கு. அப்போது மணி இரண்டேகால்.
பிரித்தேன்.
பலகையின் பதினைந்து கட்டத்துக்குள் அடங்காத சொற்கள்.
கடைசி வரியில் ஒன்று மட்டும் தெரிந்த முகம்:
பி, ஈ, என், ஐ, ஜி, என்.

ஒன்பது புள்ளி.
டிசம்பரில் இதையே மூன்றுமடங்குக் கட்டத்தில் வைத்து
இருபத்தேழு வாங்கியிருக்கிறேன்.
நல்ல சொல்லா, கெட்ட சொல்லா,
அது மட்டும் தெரியாது.

போனில் தட்டியிருக்கலாம்.
கை போகவில்லை.
கலைத்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தது அதுதானே.
ஓர் என்னை ஒதுக்கினால் மிச்ச ஐந்தில் 'பிகின்' வந்தது,
பள்ளியில் படித்தது, தொடங்கு.
மாற்றினால் 'பீயிங்', இருத்தல்.
மறுபடி மாற்றினால் 'பின்ஜ்', அது என்ன எழவோ.
ஒதுக்கிய அந்த என்
எந்தக் கட்டத்திலும் உட்காராமல்
கையிலேயே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் கையில் மாவுக்கட்டோடு
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்,
வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.
காகிதத்தை நீட்டினேன்.
எண்ணெய் விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் படித்தான்.
"சாதுக்கா. ஒண்ணும் பண்ணாது."
தெருநாயைத் தாண்டப் பயப்படுகிறவளிடம் சொல்வதுபோலச் சொன்னான்.
"ஆனா இதுல ஜியைச் சொல்லக்கூடாது. ஊமை."

ஊமைக்கும் இரண்டு புள்ளி உண்டு என்று
சொல்ல வாயெடுத்து
அழுதுவிட்டேன்.
பயந்துபோய்ப் பாதி வாழைப்பழத்தை என் பக்கம் தள்ளினான்.

அன்றிரவு அட்டையை எடுத்தேன்.
உயிரில்லாத அந்த மூன்றெழுத்து:
மலையின் மடியில் பனி குடைந்த பள்ளம்.
உயிர் மட்டும் உள்ளது:
குடித்து ஆடுகிறவர்கள் போடும் கூச்சல்.
இஸட்டும் எக்ஸும் சேர்ந்தால் கூரைக்கல் வெட்டும் கருவி.
இரண்டே இரண்டு ஏ:
கரடுமுரடாய் இறுகிப்போன எரிமலைக் குழம்பு.
எத்தனை ஆட்டத்தில் இதன்மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்!
விடிய இரண்டு மணிவரை பி-யைத் தாண்டவில்லை,
நடுநடுவே தாவியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆகஸ்ட் போட்டி.
இஸட், ஏ, எக்ஸ், பத்தொன்பது புள்ளி, கைக்கு வந்துவிட்டது.
வைக்கப் போனேன்.
கூரைமேல் ஒருவன் குந்தி உட்கார்ந்திருந்தான்,
மழை வருமா என்று மேலே பார்த்தான்,
நானும் பார்த்தேன்,
கடிகாரம் ஓடிவிட்டது.

பதினேழாவது முறை ஜெயித்த சுராசித் கேட்டான்:
"என்ன ஆச்சு உனக்கு?"

கட்டைகளை எண்ணிப் பையில் போட்டோம்.
நூறு இருக்க வேண்டும், தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.
எது குறைகிறதென்று பார்க்க
எல்லாவற்றையும் மறுபடி கொட்டி அடுக்க வேண்டும்.
மேசை துடைக்கிற பெண்
ஈரத்துணியோடு வந்து நின்றாள்.